முப்பத்தைந்து நிமிஷம்

9-7-1963, செவ்வாய்

ஆடி பிறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதற்குள் காற்று ஆரம்பித்துவிட்டது. சன்னலைச் சாத்தினால் வேர்க்கிறது, திறந்தால் கண்ணாடித் தட்டில் புழுதி விழுகிறது. ரத்த வகை பார்க்கிற தட்டில் புழுதி விழுந்தால் நான் மறுபடியும் முதலிலிருந்து பார்ப்பேன். எவ்வளவு அவசரமானாலும் அப்படித்தான்.

இன்று ரத்த ரூமுக்குப் புது அச்சுப் படிவம் வந்தது. ரத்தம் கேட்கிற வார்டுக்காரர்கள் நோயாளியின் பேரையும் ஆஸ்பத்திரி நம்பரையும் எழுதினால் போதுமாம். கணவர் பெயர் எழுத இடமே இல்லை. டாக்டர் ரெங்கராஜிடம் கேட்டேன். போன தையிலிருந்து ரத்த ரூமுக்கு அவர்தான் ஆபீசர். "நம்பர் ஒருத்தருக்கு ஒண்ணுதான் பிச்சமுத்து. பேர் அப்படியா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நானும் அதைத்தான் சொல்கிறேன். பேர் அப்படி இல்லை. அதனால்தான் புருஷன் பேரையும் சேர்த்துக் கேட்கிறேன். 1951-இல் ஸ்ரீரங்கத்துப் பிரசவ வார்டில் ஒரே சமயத்தில் இரண்டு அழகம்மாள். ஒருத்தியிடம் எடுத்த ரத்த மாதிரியை இன்னொருத்தியுடையது என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். எனக்குச் சந்தேகம் வந்து படுக்கைக்கே போய்ப் பார்த்ததால் ஆள் பிழைத்தாள். அன்றைக்கு நானே பழைய படிவத்தில் பென்சிலால் கோடு போட்டு ஒரு கட்டம் சேர்த்தேன். கணவர் பெயர். அந்தக் கட்டம் நிரம்பாமல் இந்த ரூமிலிருந்து ஒரு பாட்டில்கூட வெளியே போனதில்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பாட்டில் மாறியதில்லை. எனக்கு இதை எந்தக் காலேஜும் சொல்லித் தரவில்லை.

புதுப் படிவத்திலும் கோடு போட்டுவிட்டேன். நூறு தாளிலும்.

10-7-63

டாக்டர் கோடுகளைப் பார்த்தார். தாளைத் திருப்பி மேஜையில் வைத்துவிட்டார். அழிக்கச் சொன்னால் அழிக்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

20-7-63, சனி

சுவரில் பளிங்குப் பலகை பதித்திருக்கிறார்கள். ரத்த பாங்க் தொடங்கிய வருஷம், திறந்து வைத்தவர், டாக்டர்கள் பேர் எல்லாம் இருக்கிறது. 1944-இல் யுத்தத்துக்கு ரத்தம் எடுக்க வந்த பட்டாள டாக்டருக்கு வார்டு பையனாகத் தட்டு கழுவிக் கொடுத்தேன். தட்டு கழுவிக் கொடுத்தபடியே பார்த்துப் பார்த்துப் படித்தேன். அவர் போகும்போது தம் கைப்பட ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அது செல்லாதாம். எட்டாவது பாஸ் பண்ணியிருந்தால் கிரேடு உயர்ந்திருக்குமாம். எட்டாவது பாஸ் பண்ணியவன் எவனும் அன்றைக்கு ரத்தத்தைத் தொட வரவில்லை. சரி, இதைப் பலமுறை எழுதியாயிற்று.

இன்று அக்கரைக்கு ஒரு பாட்டில் போனது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸ்ரீரங்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரியைத்தான் நாங்கள் அக்கரை என்போம். அவர்களிடம் பிரிஜ் இல்லை. ரத்தம் வேண்டுமென்றால் முதலில் போன் பண்ணுவார்கள். பிறகு அந்தப் பெண்ணிடம் மாதிரி எடுத்து டியூபில் போட்டு, சைக்கிளில் பியூனை அனுப்புவார்கள். நான் வகை பார்த்து, பாட்டில் ரத்தத்தோடு பொருத்தம் பார்த்து, சீட்டு ஒட்டிக் கொடுப்பேன். டிரைவர் கியாசுதீன் வேனில் கொண்டுபோவான். போன் வந்ததிலிருந்து பாட்டில் அங்கே தொங்குவதுவரை ஒன்றேகால் மணி நேரம். இதற்குள் நான்கு பேர் கை மாறுகிறது. நாலு கையிலும் தப்பு நடக்கலாம். என் கையில் நடக்கக்கூடாது. என் வேலை அவ்வளவுதான்.

3-8-63, சனி

ஆடிப் பதினெட்டு. கை ஓய்ந்துவிட்டது. நாளைக்கு எழுதுகிறேன். அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள்.

4-8-63, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.

காலை 9.50-க்கு அக்கரையிலிருந்து போன். புதிதாக வந்திருக்கிற நர்ஸ் ஆக்னஸ் பேசியது. மருங்காபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. பெயர் வீராயி. குடும்பத்தோடு பதினெட்டுக்கு அம்மா மண்டபம் வந்த இடத்தில் வலி கண்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். குழந்தை பிறந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை.

மாதிரி வந்து சேரவே 10.25 ஆயிற்று. பாலம் முழுக்க ஜனம். பியூன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தானாம். நான் அரை மணியில் முடித்தேன். ஓ வகை. பிரிஜ்ஜில் இரண்டு பாட்டில் இருந்தது. இரண்டும் பொருந்தியது. சீட்டு எழுத உட்கார்ந்தேன். படிவத்தில் பெயர் வீராயி, நம்பர் 22 என்று இருந்தது. நான் போட்ட கட்டம் காலி.

டாக்டர் ரெங்கராஜ் சென்னை போயிருந்தார். டியூட்டி டாக்டர் தியேட்டரில். கேட்க ஆள் இல்லை. நான் யாரையும் கேட்கிறவனும் இல்லை. அக்கரைக்குப் போன் போட்டேன்.

"நம்பர் எழுதியிருக்கேனே ஐயா" என்றது அந்த நர்ஸ் பெண்.

"நம்பரை நான் கேக்கல. புருஷன் பேர் என்ன?"

"கேட்டேன் ஐயா. சொல்ல மாட்டேங்கிறாங்க. அவரு கூட்டத்துல எங்கேயோ இருக்காரு, தேடப் போயிருக்காங்க. மாமியார் மட்டும் இருக்காங்க. அவங்களும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

"பெத்த மகன் பேரைச் சொல்ல அந்த அம்மாவுக்கு என்ன?"

"அது அவங்க மாமனார் பேராம்."

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தாத்தா பேரைத்தான் பேரனுக்கு வைப்பார்கள். மாமனார் பேரை மருமகள் சொல்ல மாட்டாள். என் தாயும் என் அண்ணனைக் கடைசிவரை பெரியவன் என்றுதான் கூப்பிட்டாள். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன், பேர் வந்தால்தான் பாட்டில் வரும் என்று.

"ரத்தம் நிக்கல ஐயா. நீங்க அனுப்பிடுங்க. பேரை நான் அப்புறம் கேட்டுச் சொல்றேன்" என்றது.

அப்புறம் என்கிற பேச்சே இந்த ரூமில் கிடையாது என்றேன்.

கியாசுதீன் வண்டியைக் கிளப்பி வைத்துவிட்டு வாசலில் நின்றான். "அண்ணே, ஏதாச்சும் ஒரு பேரை எழுதிக் குடுங்க. அல்லா மன்னிச்சுக்குவான்" என்றான்.

"அல்லா மன்னிப்பான். ரத்தம் மன்னிக்காது" என்றேன். அவன் போய் இஞ்சினை நிறுத்தினான். அது எனக்குக் காட்டுவதற்கு.

11.30-க்குப் போன் வந்தது. "மருதை" என்றது நர்ஸ். யார் சொன்னது என்று கேட்டேன். அந்தப் பெண்ணேதான் சொன்னாளாம். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாளாம்.

எழுதினேன். கொடுத்தேன்.

கூட்டத்தில் வேன் பாலத்துக்கு இந்தப் பக்கம் சிந்தாமணியோடு நின்றுவிட்டது. கியாசுதீன் இரண்டு பாட்டிலையும் மரத்தூளும் ஐஸும் போட்ட கூடையில் வைத்து, மேலே வாழை இலை மூடித் தலையில் தூக்கிக்கொண்டு பாலத்தில் நடந்திருக்கிறான். ஆற்றில் விட முளைப்பாலிகை கொண்டுபோகிறான் என்று நினைத்துப் பெண்களெல்லாம் ஒதுங்கி வழி விட்டார்களாம். ஒரு கிழவி கூடைமேல் பூவும் போட்டாளாம். "நானும் பேசாம வாங்கிக்கிட்டேன் அண்ணே, வேற என்ன பண்றது" என்றான். போய்ச் சேர 12.20.

அங்கே இருக்கிற டாக்டரம்மா சாயங்காலம் போனில் கூப்பிட்டார். "இன்னும் கால் மணி போயிருந்தா, அனுப்பின பாட்டிலை நீங்க திருப்பி வாங்கிக்கிட்டிருக்கலாம்" என்றார். போனை வைத்துவிட்டார்.

நான் செய்தது சரி. மாறிப் போன பாட்டில் வராத பாட்டிலைவிட மோசம்.

6-8-63, செவ்வாய்

மெமோ வந்தது. முப்பத்தைந்து நிமிஷத் தாமதத்துக்கு விளக்கம் கேட்டு. டாக்டர் ரெங்கராஜ் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். வருத்தம் தெரிவித்து, மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிக் கொடுத்தால் இதோடு போய்விடுமாம். இல்லாவிட்டால் என்னை ரத்த ரூமிலிருந்து எடுத்துத் துணி ஸ்டோரில் போட வேண்டியிருக்குமாம். மேலே கேட்கிறார்களாம்.

துணி ஸ்டோர். படுக்கை விரிப்பு எண்ணுவது. எனக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

மன்னிப்பு எழுத மாட்டேன்.

8-8-63

பதில் கொடுத்துவிட்டேன். வார்டிலிருந்து முழு விவரம் வரவில்லை, விவரம் வந்த நிமிஷமே பாட்டில் கொடுக்கப்பட்டது, தவறு வார்டுடையது. மூன்று வரி. மூன்றும் உண்மை.

14-8-63, புதன்

கியாசுதீன் அக்கரைக்குப் போய்விட்டு வந்து சொன்னான். என் பதிலைக் காட்டி அந்த நர்ஸ் பெண்ணுக்கும் மெமோ கொடுத்திருக்கிறார்கள். வேலைக்கு வந்து ஆறு மாசம் ஆகவில்லை. இன்னும் நிரந்தரம் பண்ணவில்லை. முழு விவரம் எழுதி அனுப்பத் தெரியாத நர்ஸ் வேண்டாம் என்று நிறுத்திவிடுவார்களாம்.

"புள்ளம்பாடிப் புள்ள அண்ணே. அப்பன் இல்ல. அது சம்பளத்துலதான் ரெண்டு தங்கச்சி படிக்குது" என்றான்.

அதற்கு நான் என்ன செய்ய என்று கேட்டேன். அவன் டீ குடிக்கப் போய்விட்டான். தினமும் என்னையும் கூப்பிடுவான். இன்று கூப்பிடவில்லை.

அன்றைக்கு அந்த வார்டில் இன்னொரு வீராயி இருந்தாள் என்று காட்டிவிட்டால் போதும். நான் கேட்டது நியாயம் என்று ஆகிவிடும். அந்த நர்ஸ் பெண் விவரத்துக்காக அலைந்ததும் வீண் இல்லை என்று ஆகிவிடும். இரண்டு பேருக்கும் நல்லது. வீராயி இல்லாத பிரசவ வார்டு இந்த ஜில்லாவில் உண்டா?

18-8-63, ஞாயிறு

ஸ்ரீரங்கம் போனேன். ஞாயிறு என்பதால் பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போகிறது.

வார்டு ரிஜிஸ்டர் கேட்டேன். டியூட்டி சிஸ்டர் எடுத்துக் கொடுத்தார். ஆகஸ்ட் 3-ஆம் தேதி வார்டில் பதினொரு பெண்கள். விரல் வைத்து இரண்டு தடவை பார்த்தேன். ஒரே வீராயி.

திண்டில் உட்கார்ந்துவிட்டேன். ஆயா காளியாயி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த ஆஸ்பத்திரி கட்டினபோதிலிருந்து இருக்கிறவள். போனில் அவள் குரல் கேட்டிருக்கிறேன், நேரில் அதிகம் பேசியதில்லை.

"என்னங்க ரத்தக்காரரே, ரிஜிஸ்டர்ல யாரைத் தேடுறீங்க?" என்றாள். சொன்னேன். பன்னிரண்டு வருஷமாக உங்கள் வார்டு ஒழுங்காகப் புருஷன் பேர் எழுதி அனுப்பியது, இந்தப் புதுப் பெண் வந்துதான் கெட்டது என்றும் சொன்னேன்.

காளியாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா, பயந்துவிட்டாளா என்று தெரியவில்லை. பிறகு பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. எந்தப் புள்ள புருஷன் பேரைச் சொல்லிச்சு? கூட ஆம்பள இருந்தா சொல்லுவான். இல்லாட்டி நாந்தான் சொல்லுவேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஏதோ ஒரு பேரு. எங்க தெரு ஆளுங்க பேரு, என் கொழுந்தனுங்க பேரு. ஆண்டின்னு எழுது, சின்னையன்னு எழுதுன்னு நர்சம்மாவுக்குச் சொல்லிடுவேன். வர்ற நர்சம்மா எல்லாருக்கும் மொத நாளே சொல்லி வச்சிருவேன். அக்கரை ரத்தக்காரர் பேரு கேட்டு அடம் புடிப்பாரு, ஒரு பேரு போட்டு அனுப்பிடுங்கன்னு. இந்தப் புள்ளகிட்டயும் சொன்னேன். பொய் எழுத மாட்டேன்னு சொல்லிடுச்சு. பதினெட்டு அன்னிக்கு நான் லீவு. பொண்ணுக்குத் தாலி பிரிச்சுக் கோக்கப் போயிட்டேன். நான் இருந்திருந்தா உங்களுக்கு இந்தக் கரைச்சலே இல்ல."

இவர்களுக்கு நான் அக்கரை. அது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

அப்படியென்றால் ஏன் ஒரு பாட்டிலும் மாறவில்லை என்று கேட்டேன். அவளைக் கேட்டேனா, என்னையே கேட்டேனா தெரியாது. அவள் பதில் சொன்னாள்.

"கயிறு கட்டிடுவேன்ல. ரத்தம் எடுக்கையில நான் பக்கத்துல நிப்பேன். எடுத்த கையில ஒரு கயிறு, குப்பில அதே கயிறு. ஒருத்திக்குச் செவப்புன்னா இன்னொருத்திக்குப் பச்ச. கயிறைப் பாத்துத்தான் நர்சம்மா குப்பிக்குச் சீட்டு எழுதணும். அந்த ரெண்டு அழகம்மா கூத்து நடந்துச்சே, அப்புறமா நானே ஆரம்பிச்சது. எனக்குப் படிக்கவா தெரியும்?"

கயிறு. டியூப் கழுத்தில் வரும் கயிறு. தாயத்துக் கயிறு, மந்திரித்த கயிறு என்று நினைத்து எத்தனை தடவை கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன். படிக்காத ஜனங்கள் என்று திட்டியும் இருக்கிறேன்.

1951-இல் மாறியது அந்த இடத்தில்தான். கைக்கும் டியூபுக்கும் நடுவில். நான் போட்ட கட்டம் அங்கே இல்லவே இல்லை. அது எனக்கு முன்னால் இருந்த தாளில் இருந்தது.

பஸ்ஸுக்கு நிற்காமல் பாலத்தில் நடந்தே வந்தேன்.

19-8-63, திங்கள்

பழைய படிவக் கட்டுகளை எடுத்துப் பார்த்தேன். அக்கரையிலிருந்து வந்தவை மட்டும். ஆண்டி, ஆண்டி, சின்னையன், வெள்ளைச்சாமி, ஆண்டி. ஒரே மாதத்தில் நான்கு ஆண்டி. இத்தனை ஆண்டிகளா என்று ஒருநாள்கூட நான் யோசிக்கவில்லை. கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

1955-இல் ஒன்று, 1960-இல் ஒன்று. கணவர் பெயர்: பிச்சமுத்து. என் கையாலேயே சரிபார்த்து டிக் போட்டிருக்கிறேன்.

வீட்டில் அழகம்மாள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் அழகம்மாள்தான். முப்பத்தாறு வருஷம் ஆயிற்று கல்யாணமாகி. அவள் வாயால் என் பேரை நான் கேட்டதில்லை, கேட்டதில்லை என்று நினைத்ததும் இல்லை. நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டேன். உன்னை அப்படிப் படுக்கையில் போட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

"செத்துப் போயிருப்பேன்" என்றாள். நறுக்குவதை நிறுத்தவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. உப்பு போதுமா என்று கேட்டால் சொல்கிற மாதிரி.

20-8-63

இன்று எழுத ஒன்றுமில்லை.

23-8-63, வெள்ளி

மத்தியானம் ஒரு ஆள் வந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும். தலையில் துண்டு, கையில் குடை. மருங்காபுரியிலிருந்து வருகிறேன், ரத்தம் கொடுக்கணும் என்றான். போன வருஷம் சீனாக்காரன் சண்டையின்போது சிப்பாய்களுக்கென்று வாசல்வரை வரிசையில் நின்றார்கள். பெண்டாட்டிக்கு என்றால் ஊருக்குப் போய் வருகிறேன் என்று போய்விடுவார்கள். தானாக வருகிற ஆள் அபூர்வம். பேர் கேட்டேன். மருதை என்றான்.

விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தேன். நீல மருந்துத் தண்ணீரில் விட்டால், நல்ல ரத்தம் நேரே அடியில் இறங்கும். மெலிந்த ரத்தம் மிதக்கும். இவனுடையது கல் மாதிரி இறங்கியது. அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாருக்குங்களா?"

நன்றாக இருக்கிறது என்றேன்.

"அத ஒரு சீட்டுல எழுதித் தர முடியுங்களா? எங்க அம்மாகிட்டக் காட்டணும்."

மெதுவாகத்தான் விஷயம் வந்தது. வீராயி பேரைச் சொன்னதை மாமியார் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறாள். பேரைச் சொன்னால் புருஷன் ஆயுசு குறையுமாம், அதிலும் அது தன் மாமனார் பேரும்கூட. அன்றிலிருந்து மருமகள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. பிள்ளையை வாங்கிக் கொஞ்சுகிறாள், மருமகளிடம் பேச்சில்லை. வீராயியும் அடுப்படியிலேயே கிடக்கிறாள்.

"ஆயுசு கொறஞ்சவன்கிட்ட ஆஸ்பத்திரியில ரத்தம் எடுப்பாங்களான்னு கேட்டுட்டு வந்திருக்கேன். சீட்டு இருந்தா அம்மா வாய மூடிக்கும்" என்றான்.

படுக்க வைத்து ஊசி போட்டேன். முஷ்டியை மூடித் திறக்கச் சொன்னேன். பாட்டில் பாதி நிறைகிறவரை விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

"நாலு வருசமாச்சு கட்டி. ஏங்க, இந்தாங்கன்னுதான் கூப்புடும். அன்னிக்கு என் பேரச் சொல்லிச்சாமே. நான் ஆத்துல நின்னுக்கிட்டிருந்தேன். கேக்கக் குடுத்து வைக்கல. உங்களுக்குத் தெரியுங்களா, எப்படிச் சொல்லிச்சு?"

எனக்குத் தெரியாது என்றேன். நர்சுக்குத்தான் தெரியும். பேர் கேட்டு நிறுத்தி வைத்தவன் நான்தான் என்றும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவன் என் பக்கம் தலையைத் திருப்பினான்.

"ஓ, நீங்களா" என்றான். பிறகு பாட்டிலைப் பார்த்து, "பாட்டில் நெறஞ்சிடுச்சுங்க" என்றான்.

சீட்டு எழுதிக் கொடுத்தேன். மருதை, வயது 25, ரத்தம் மிக நன்று, உடம்பில் ஒரு குறையும் இல்லை. கையெழுத்துப் போட்டு, டாக்டர் மேஜையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பும் அடித்தேன். எனக்கு அந்த அதிகாரம் கிடையாது.

24-8-63

வீராயி பொய்யாக ஒரு பேரைச் சொல்லியிருக்கலாம். கேட்டவனுக்கு என்ன தெரியும்? உள்ளதையே சொல்லியிருக்கிறாள். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பெண் வாயிலிருந்து உண்மைப் பேர் வந்தது அவள் ஒருத்தியிடமிருந்துதான். அதைக் கேட்டு அப்படியே போனில் சொன்னது அந்த நர்ஸ் பெண் ஒருத்திதான். என் கட்டத்தை ஒழுங்காக நிரப்பிய இரண்டு பேருக்குத்தான் கஷ்டம்.

26-8-63, திங்கள்

இரண்டாவது பதில் எழுதிக்கொண்டு போனேன். நகல் இங்கே:

3-8-63 அன்று ஏற்பட்ட முப்பத்தைந்து நிமிஷத் தாமதம் என்னால் ஏற்பட்டது. ஆஸ்பத்திரிப் படிவத்தில் கேட்ட விவரம் முழுவதும் வார்டிலிருந்து வந்திருந்தது. கணவர் பெயர் என்கிற கட்டம் நானாகச் சேர்த்தது. அதற்கு யாருடைய உத்தரவும் இல்லை. நர்ஸ் ஆக்னஸ் மீது தவறு இல்லை. என் 8-8-63 தேதியிட்ட பதிலை வாபஸ் வாங்குகிறேன். ஸ்ரீரங்கத்தில் ஆயா காளியாயி, ரத்தம் எடுக்கும்போதே கையிலும் டியூபிலும் ஒரே நிறக் கயிறு கட்டி வந்திருக்கிறாள். பாட்டில் மாறாமல் இருந்ததற்கு அதுவே காரணம். டாக்டர் அவர்கள் சொல்லும் ஆஸ்பத்திரி நம்பரை அந்தக் கயிற்றில் கட்டினால் நலம்.

டாக்டர் ரெங்கராஜ் இரண்டு தடவை படித்தார்.

"இவ்வளவு எழுதணும்னு நான் கேக்கலையே. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை போட்டா நான் பாத்துக்கறேன்."

"அந்த வார்த்தை இதுல இல்லீங்க. நடந்தது இருக்கு."

"பிச்சமுத்து, இந்த லெட்டரை மேலே அனுப்பினா உங்களை இங்கே வச்சுக்க முடியாது. புரியுதா?"

"புரியுதுங்க."

"அப்ப ஒரே ஒரு வரி. எனக்காக."

"மன்னிப்புக் கேக்க வேண்டியது மருங்காபுரியில. உங்ககிட்ட இல்லீங்க" என்றேன்.

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. ஆனால் தாளை மடித்து உறையில் போட்டார். நான் வெளியே வரும்போது, ஸ்டாம்ப் விஷயம் தெரியும் என்றார். சீட்டு கொடுத்தது சரிதான் என்றும் சொன்னார். தங்கமான ஆள் என்று எழுத மாட்டேன். மோசமான ஆளும் இல்லை.

9-9-63, திங்கள்

உத்தரவு வந்தது. நாளை முதல் துணி ஸ்டோர். நர்ஸ் பெண்ணுடைய மெமோவை ரத்து செய்துவிட்டார்களாம். கியாசுதீன் வந்து சொன்னான். டீக்கும் கூப்பிட்டான், போனேன்.

இரண்டு ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறார்கள். ரத்த மாதிரி எடுக்கும்போதே நோயாளியின் மணிக்கட்டில் நம்பர் எழுதிய நாடா கட்ட வேண்டும், டியூபிலும் அதே நம்பர் நாடா. டாக்டர் ரெங்கராஜ் அவர்களின் யோசனைப்படி என்று போட்டிருக்கிறது. என் பேர் வேண்டாம். காளியாயி பேரைப் போட்டிருக்கலாம். நாளைக்கு இதைப் பற்றி ஒரு மனு எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

17-9-63

மனுவுக்குப் பதில் இல்லை. இன்னொன்று எழுதினேன்.

5-11-63, செவ்வாய்

ஐப்பசி மழை. விரிப்புகள் காயவில்லை. கிழிந்த துணிக்குக் கையெழுத்து வாங்காமல் புதுத் துணி கொடுக்க மாட்டேன் என்று வைத்திருக்கிறேன். வார்டு ஆயாக்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

மனு நாலாவது போயிருக்கிறது.

காலையில் சுவருக்கு அந்தப் பக்கம், ரத்த ரூமில் போன் அடித்தது. அக்கரைதான். அவர்களிடம் கத்திப் பேச வேண்டும், அதனால் தெரிந்துகொள்ளலாம். நம்பரை இரண்டு முறை திருப்பிச் சொன்னார்கள். சைக்கிள் வந்த சத்தம் கேட்டது. மணி பார்த்தேன், பழக்கம். சைக்கிள் வந்ததிலிருந்து முப்பத்திரண்டு நிமிஷத்தில் வேன் இஞ்சின் கிளம்பியது. பொருத்தம் பார்க்க அரை மணி, எழுத இரண்டு நிமிஷம். அதற்குக் குறைத்தால்தான் தப்பு.

கியாசுதீன் நனைந்தபடி ஓடிவந்தான். கூடைக்குமேல் போட ஒரு துணி வேண்டும் என்றான். வேனுக்குள் மழை இறங்குகிறதாம். கிழிந்த துணி கொண்டுவந்தாயா, கையெழுத்து எங்கே என்று நான் கேட்பேன் என்று நினைத்தானோ என்னவோ, வாசலிலேயே தயங்கி நின்றான்.

புதுக் கட்டைப் பிரித்து, கெட்டியான விரிப்பாக ஒன்று எடுத்து, நாலாக மடித்துக் கொடுத்தேன். யாருக்கு என்று கேட்கவில்லை.